பெட்டியை வரைந்தவர்கள்: மேற்கோள் எண்ணிக்கையும் துறைகளின் எல்லையும்

ஒரு கணிதவியலாளரின் கட்டுரையை 10 பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஒரு மூலக்கூற்று உயிரியலாளரின் கட்டுரையை 40 பேர் காட்டியிருக்கிறார்கள். யாருடைய ஆய்வின் தாக்கம் கூட?

இந்த விசயத்தைப் படித்தவர்களிட்டக் கேட்டால், கேள்வியே பிழை எண்டுதான் சொல்லுவினம். கணிதக் கட்டுரையின் கடைசியில் வரும் உசாத்துணைப் பட்டியல் பொதுவாகச் சின்னது. மூலக்கூற்று உயிரியலில் அது நீளமானது, அதிலும் பெரும்பகுதி கடைசிச் சில வருசங்களில் வந்த கட்டுரைகள். ஒருதுறையில் மேற்கோள்கள் மழைபோல விழும், இன்னொன்றில் தூறும். அதனால் ஒவ்வொரு கட்டுரையையும் அதன் துறைக்குள் வைத்துத்தான் ஒப்பிட வேணும். இதுவரை யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் "துறைக்குள்" எண்டால் எந்தத் துறைக்குள்? அந்தத் துறையின் எல்லையைக் கீறினது யார், எப்போது, எதற்காக? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு வருச வரலாறு இருக்கிறது. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது தூரத்துக் கதை இல்லை. விரிவுரையாளரின் பதவி உயர்வு, பல்கலைக்கழகத் தரவரிசை, எந்த ஆய்வுக்குக் காசு கிடைக்கும் என்பதெல்லாம் மெல்ல மெல்ல இந்த எண்களோடு பிணைபட்டு வருகின்றன.

நூலகத் தட்டிலிருந்து தொடங்கியது

அறிவைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிற வேலை முதலில் நூலகர்களுடையது. புத்தகத்தை எங்கேயாவது ஓரிடத்தில் வைத்துத்தானே ஆகவேணும். மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்புமுறை அறிவு முழுவதையும் பத்தாக உடைத்தது. இலக்கியம் 800. அதற்குள்ளே அமெரிக்க இலக்கியம் 810, ஆங்கிலம் 820, ஜெர்மன் 830, பிரெஞ்சு 840 என்று போய், கிரேக்கம் 880இல் முடியும். உலகத்தின் மிச்ச மொழிகளின் இலக்கியம் எல்லாம் 890. எங்கட நூலகங்களில் தமிழ்க் கவிதை, நாவல் புத்தகங்களின் முதுகில் ஒட்டியிருக்கும் 894.811 என்ற இலக்கம் அந்த "மிச்சத்தின்" மூலையில் கிடைத்த இடம்.

இதற்கு ஒரு மாற்றை யோசித்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன். கணிதம் படிப்பித்தவர். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில் மொழிகளுக்குத் தனி வரிசை இருந்தது: இந்தோ-ஐரோப்பிய மொழிகள் 1, செமிட்டிக் 2, திராவிட மொழிகள் 3, தமிழ் 31. தமிழ் இங்கே ஒரு குடும்பத்தின் முதல் பிள்ளை. அதைவிட முக்கியமானது அவருடைய அடிப்படை யோசனை. ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் தள்ளாமல், அதன் பொருள், செயல், இடம், காலம் என்று பல முகங்களைத் தனித்தனியாக எழுதிக் கோர்த்துவிடலாம் என்றார். ஒரு விசயத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முகம் இருக்கிறது என்பதை இலக்கத்திலேயே காட்டுகிற முறை அது. 1948இல் நூலக வேலைகளுக்குக் கணித, புள்ளிவிபரவியல் முறைகளைப் பயன்படுத்தும் ஒரு தனித்துறை வேண்டும் என்று சொல்லி அதற்குப் பெயரும் வைத்தவர் அவர்தான்: லைப்ரமெற்றி.

மேற்கோளை எண்ணுகிற பழக்கமும் நூலகத்துக்குள்ளிருந்துதான் வந்தது. 1927இல் கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த கிராஸ், கிராஸ் என்ற இருவர் சயன்ஸ் சஞ்சிகையில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். அவர்களுடைய பிரச்சினை எளிமையானது. சிறிய கல்லூரி, காசு குறைவு. எந்த இரசாயனவியல் சஞ்சிகைகளை வாங்குவது? அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு வருசத்துக்கு வந்த கட்டுரைகளை எடுத்து, அவை எந்தெந்தச் சஞ்சிகைகளை மேற்கோள் காட்டுகின்றன என்று கையால் எண்ணினார்கள். கூட மேற்கோள் வாங்கிய சஞ்சிகைகளை முதலில் வாங்கு, அவ்வளவுதான். எந்த ஆய்வாளர் கெட்டிக்காரர் என்று அவர்கள் கேட்கவே இல்லை.

கார்ஃபீல்டின் முரண்

மேற்கோள் எண்ணிக்கையை உலகம் முழுவதற்கும் கொண்டுபோனவர் யூஜீன் கார்ஃபீல்ட். 1950களின் தொடக்கத்தில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ நூலடைவுத் திட்டமொன்றில் வேலைசெய்தவர். அப்போது வில்லியம் அடேர் என்பவர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அடேர், ஷெப்பர்ட்ஸ் சைற்றேஷன்ஸ் என்ற சட்ட நூலடைவு நிறுவனத்தின் முன்னாள் துணைத் தலைவர். 1873இலிருந்து அமெரிக்க வழக்கறிஞர்கள் பாவித்து வந்த நூலடைவு அது. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, எது அதை இரத்துச் செய்தது என்று அது காட்டும். இதையே அறிவியலுக்கும் செய்யலாமே என்பதுதான் கடிதத்தின் பொறி.

1955இல் கார்ஃபீல்ட் சயன்ஸ் சஞ்சிகையில் தன் திட்டத்தை வெளியிட்டார். அதில் முக்கியமான ஒரு விசயம்: அவருடைய யோசனை துறைப் பெட்டிகளுக்கு எதிரானது. பொருள் தலைப்பின்படி செய்த நூலடைவில் தேடினால், நூலடைவு செய்தவர் எந்தத் தலைப்பில் போட்டாரோ அதற்குள்தான் நிற்கலாம். மேற்கோளைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு மருத்துவக் கட்டுரையிலிருந்து புள்ளிவிபரவியலுக்கும், அங்கிருந்து விவசாயத்துக்கும் தாவலாம். எழுதியவர்களே போட்ட பாதை அது. கருத்துகளின் தொடர்பை வைத்துத் தேடுவது என்பதுதான் அவர் கொடுத்த வாக்குறுதி.

1960இல் பிலடெல்பியாவில் அவருடைய நிறுவனம் அறிவியல் தகவல் நிறுவகம் என்ற பெயரை எடுத்தது. 1961ஆம் ஆண்டின் 613 சஞ்சிகைகளை வைத்து, சுமார் 14 இலட்சம் மேற்கோள்களோடு முதலாவது அறிவியல் மேற்கோள் சுட்டி வெளிவந்தது. 1970களில் சமூக அறிவியல்களுக்கும் 1978இல் கலை, மானிடவியல்களுக்கும் தனிச் சுட்டிகள் வந்தன. 1970களின் நடுவில் சஞ்சிகைகளின் தாக்கக் காரணியைப் பட்டியலிடும் அறிக்கையும் வரத் தொடங்கியது.

பட்டியல் எண்டு வந்தால் வரிசைப்படுத்த வேணும், வரிசைப்படுத்த வேணுமெண்டால் பெட்டி வேணும். பெட்டியை உடைக்க வந்த கருவியின் மேலேயே பெட்டிகள் திரும்பவும் ஏறின. சஞ்சிகையின் பெயர், அது எவற்றை மேற்கோள் காட்டுகிறது, எவை அதைக் காட்டுகின்றன என்பவற்றைப் பார்த்து, நிறுவனத்தில் வேலைசெய்தவர்கள் கையால் பிரித்தார்கள். முன்பு போட்ட பெட்டிகளுக்குள் புதுச் சஞ்சிகைகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். இன்று வெப் ஒஃப் சயன்ஸ் என்று அழைக்கப்படும் தரவுத்தளத்தில் இப்படி 250க்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. 2002இல் கார்ஃபீல்ட் தானே புடொவ்கின் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், இந்தப் பிரிப்பு நாற்பது வருசத்துக்கு முந்திய கைவேலையின் தொடர்ச்சி என்றும், பல துறைகளில் அது கரடுமுரடானது என்றும் ஒப்புக்கொண்டார்.

இரண்டு விசயங்களைக் கவனிக்க வேணும். ஒன்று, பெட்டிக்குள் போவது சஞ்சிகை, கட்டுரை அல்ல. ஒரு சஞ்சிகையில் வரும் எல்லாக் கட்டுரைகளும் அந்தச் சஞ்சிகையின் துறையை வாங்கிக்கொள்ளும். மற்றது, அந்தப் பெட்டிகள் தேடுபவரின் வசதிக்காகப் போடப்பட்டவை. ஒரு ஆளை மதிப்பிடும் தராசாக அவை பாவிக்கப்படும் என்று போட்டவர்கள் எண்ணியிருக்க இடமில்லை.

எங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு

1980களில் ஹங்கேரியின் புடாபெஸ்ட், நெதர்லாந்தின் லைடன் போன்ற இடங்களில் இருந்த ஆய்வுக் குழுக்கள் மேற்கோள்களைத் துறைக்கேற்பச் சமப்படுத்தும் முறைகளை உருவாக்கின. அடிப்படைக் கணக்கு லேசானது. ஒரு கட்டுரை பெற்ற மேற்கோள்களை, அதே துறையில் அதே வருசம் வந்த கட்டுரைகளின் சராசரியால் வகுக்க வேணும். விடை 1 எண்டால் சராசரி, 2 எண்டால் சராசரியைவிட இரு மடங்கு.

ஏ.எல் எழுதின எவருக்கும் இந்த யோசனையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்குப் பாவிக்கிற இசட் புள்ளியும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். இணைந்த கணிதத்தில் எடுத்த 60ஐயும் வேறொரு பாடத்தில் எடுத்த 60ஐயும் அப்படியே கூட்ட முடியாது. அந்தந்தப் பாடம் எழுதினவர்களின் சராசரியோடும் பரவலோடும் ஒப்பிட்ட பிறகுதான் கூட்டலாம். 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் என்ன நடந்தது எண்டும் பலருக்கு ஞாபகம் இருக்கும். பழைய பாடத்திட்டத்தில் எழுதினவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதினவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. இரண்டையும் வேறு வேறு கூட்டங்களாக வைத்துத் திரும்பக் கணக்கிட வேண்டும் என்று 2012இல் தீர்ப்பு வந்தது. சூத்திரம் மாறவில்லை, விடைத்தாளில் ஒரு புள்ளியும் மாறவில்லை. யாரை யாரோடு ஒரே கூட்டத்தில் வைப்பது என்பது மட்டும் மாறியது. அதனோடு பிள்ளைகளின் இடங்களும் மாறின.

அதற்கும் முன்னால், 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் எங்கட அம்மப்பா, அப்பப்பா காலத்துக் காயம். அங்கே கூட்டம் பிரிக்கப்பட்டது மொழிமூலத்தின்படி. ஒரு எண்ணைச் சமப்படுத்துவது நியாயத்துக்காகவும் இருக்கலாம், அநியாயத்துக்காகவும் இருக்கலாம். கூட்டத்தைப் பிரிக்கிற கோடு எங்கே விழுகிறது என்பதைப் பார்க்காமல் அது எது என்று சொல்ல முடியாது.

மகுடத்தைப் பற்றிய சண்டை

லைடன் குழு தன் பிரதான அளவுகோலுக்கு "மகுடச் சுட்டி" என்று பெயர் வைத்திருந்தது. 2010இல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஒப்டொஃப், லைடெஸ்டொர்ஃப் என்ற இருவர் அதன் கணக்கையே கேள்வி கேட்டார்கள். ஒப்டொஃப் இதயநோய் ஆய்வாளர், இந்த முறையால் மதிப்பிடப்படும் உலகத்தைச் சேர்ந்தவர்.

பிரச்சினையை ஒரு சின்ன உதாரணத்தால் சொல்லலாம். ஒருவரிடம் இரண்டு கட்டுரைகள். ஒன்று, சராசரி 20 மேற்கோள் விழும் துறையில் 20 பெற்றது. மற்றது, சராசரி 1 விழும் துறையில் 4 பெற்றது. பழைய முறை முதலில் எல்லாவற்றையும் கூட்டிவிட்டு வகுத்தது: 24ஐ 21ஆல் வகுத்தால் 1.14. ஒவ்வொன்றையும் தனியாக வகுத்துச் சராசரி எடுத்தால் 1உம் 4உம் சேர்ந்து 2.5. பழைய முறையில் பெரிய துறையின் நிழலில் சிறிய துறையின் கட்டுரை காணாமலே போய்விடுகிறது. விவாதம் சூடாக நடந்தது. பிறகு லைடன் குழு இரண்டாவது முறைக்கு மாறிக்கொண்டது.

ஆனால் வகுக்கிற விதத்தைத் திருத்தினாலும் பெட்டி அப்படியே இருந்தது. 2013இல் லைடன் ஆய்வாளர்கள் சிலர் வைத்தியர்களோடு சேர்ந்து மருத்துவப் பெட்டிகளின் உள்ளே பார்த்தார்கள். இதய மருத்துவம், நரம்பியல் போன்ற ஒரே பெட்டிக்குள் ஒரு பக்கம் ஆய்வுகூட அடிப்படை ஆய்வு, மறுபக்கம் நோயாளிகளுக்குச் செய்யும் சிகிச்சைகள் பற்றிய ஆய்வு. அடிப்படை ஆய்வின் பக்கம் மேற்கோள்கள் அதிகமாக விழுந்தன, சத்திரசிகிச்சைப் பக்கம் குறைவாக. ஒரே சராசரியால் இரண்டையும் வகுத்தால், நோயாளியைத் தொட்டு ஆய்வு செய்தவர் எப்போதும் பின்னுக்கு நிற்பார். அதற்கு அவருடைய ஆய்வின் தரம் காரணமாக இருக்கத் தேவையில்லை. இதற்கு முன்னரே, 2005இல், மிஷெல் சிற் தலைமையிலான பிரெஞ்சு ஆய்வாளர்கள் பெட்டியைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்து, அதற்கேற்ப அதே கட்டுரைகளின் மதிப்பு ஏறி இறங்குவதைக் காட்டியிருந்தார்கள்.

எங்கட பக்கத்து உதாரணம் ஒன்றை வைத்துப் பார்ப்பம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. மட்டக்களப்புக் கூத்தைப் பற்றி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைக்கு 6 மேற்கோள்கள். அது நாடகவியல் சஞ்சிகையில் வந்து, அந்தப் பெட்டியின் சராசரி 2 எண்டால் மதிப்பு 3. ஆசிய ஆய்வுகள் சஞ்சிகையில் வந்து, சராசரி 6 எண்டால் மதிப்பு 1. மானிடவியல் சஞ்சிகையில் வந்து, சராசரி 12 எண்டால் 0.5. கட்டுரை ஒன்றுதான், கூத்தும் ஒன்றுதான். முதல் பெட்டியில் அவர் நட்சத்திரம், மூன்றாவதில் சராசரிக்கும் கீழே. ரங்கநாதன் இந்தக் கட்டுரைக்குப் பல முகம் இருக்குது எண்டு எழுதிவைத்திருப்பார். தரவுத்தளம் அதைச் சஞ்சிகையின் முகவரியை வைத்துத் தீர்மானிக்கிறது.

பெட்டியிலிருந்து தப்பும் வழிகள்

இதிலிருந்து தப்ப இரண்டு வழிகள் முயற்சிக்கப்பட்டன. முதலாவது, பெட்டியே போடாமல் மேற்கோள் காட்டுபவரின் பக்கத்திலிருந்து சமப்படுத்துவது. 60 உசாத்துணைகள் உள்ள கட்டுரையிலிருந்து வரும் மேற்கோளுக்குப் பாரம் குறைவு, 10 உள்ளதிலிருந்து வந்தால் கூட. ஹென்க் மூட் 2010இல் முன்வைத்த சஞ்சிகை அளவுகோல் இந்த வழியைச் சேர்ந்தது. அதன் வேர் கார்ஃபீல்டிடமே இருக்கிறது: ஒவ்வொரு துறைக்கும் ஒரு "மேற்கோள் கொள்திறன்" உண்டு என்று 1970களிலேயே அவர் எழுதிவிட்டார்.

இரண்டாவது, சஞ்சிகைகளை விட்டுவிட்டுக் கட்டுரைகளையே கணினியால் கொத்துக் கொத்தாகப் பிரிப்பது. 2012இல் வால்ற்மன், வான் எக் இருவரும் 2001 முதல் 2010 வரையான கிட்டத்தட்ட ஒரு கோடி கட்டுரைகளை, அவை ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் விதத்தை மட்டும் பார்த்து மூன்று மட்டங்களில் பிரித்தார்கள். மேல் மட்டத்தில் 20 துறைகள், அடுத்ததில் 672, கடைசியில் 22,412. கார்ஃபீல்ட் 1955இல் சொன்ன பாதைகளே இங்கே எல்லைகளை வரைகின்றன. ஆனால் எத்தனை கொத்து வேண்டும் என்பதைக் கணினி தானாகத் தீர்மானிக்காது. 672இல் வைத்து அளப்பதா, 22,412இல் வைத்து அளப்பதா என்று ஒரு மனிதர் தெரிவு செய்ய வேண்டும்.

வகுக்க முடியாத பூச்சியம்

இனி கலைப்பீடத்துக்கு வருவம். வெப் ஒஃப் சயன்ஸின் இலக்கியப் பெட்டிகளின் பெயர்களை ஒருதரம் வாசித்துப் பாருங்கோ. பொதுவான இலக்கியம் ஒன்று. அதைவிட அமெரிக்க இலக்கியம், பிரித்தானியத் தீவுகளின் இலக்கியம், ஜெர்மன்-டச்சு-ஸ்கண்டிநேவிய இலக்கியம், ரொமான்ஸ் மொழிகளின் இலக்கியம், ஸ்லாவிய இலக்கியம், ஆபிரிக்க-அவுஸ்திரேலிய-கனேடிய இலக்கியம். தென்னாசிய இலக்கியத்துக்குத் தனிப் பெட்டி இல்லை. சங்க இலக்கியம் பற்றிய ஆய்வு பொது இலக்கியத்துக்குள் போகலாம், அல்லது பொருளாதாரமும் அரசியலும் வரலாறும் கலந்து கிடக்கும் ஆசிய ஆய்வுகளுக்குள் போகலாம். டூயியின் 1876ஆம் ஆண்டுத் தட்டுகளை நினைவுபடுத்தும் வரிசை இது.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. சமப்படுத்தும் கணக்கால், குறைவாக மேற்கோள் விழும் துறையைத் தூக்கிவிடலாம். தரவுத்தளத்துக்குள் வராத மேற்கோளை அது ஒன்றும் செய்ய முடியாது. கைலாசபதியின் "தமிழ் ஹீரோயிக் பொயற்றி" 1968இல் ஒக்ஸ்போர்டிலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. அதற்கு விழுந்த மேற்கோள்களில் ஒரு பகுதி தரவுத்தளத்துக்குத் தெரியும். அவர் தமிழில் எழுதிய "ஒப்பியல் இலக்கியம்" போன்றவற்றைத் தமிழ்ச் சஞ்சிகைகளிலும் நூல்களிலும் எத்தனை பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள்? தமிழில் வரும் ஆய்வுச் சஞ்சிகைகளில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சுட்டிகளுக்குள் இல்லாததால், அங்கே அந்த உரையாடல் நடக்கவே இல்லை. பூச்சியத்தை எந்தச் சராசரியால் வகுத்தாலும் பூச்சியம்தான். சராசரியும் உள்ளே இருப்பவர்களை மட்டும் வைத்துப் போட்டது.

இந்தப் பிரச்சினைகள் தெரியாமலும் இல்லை. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பிரகடனம், சஞ்சிகையின் தாக்கக் காரணியை வைத்துத் தனி ஆய்வாளரை அளக்காதே என்றது. 2015இல் நேச்சரில் வந்த லைடன் அறிக்கை பத்துக் கொள்கைகளை வைத்தது. துறைகளுக்கிடையிலான வேறுபாட்டைக் கணக்கில் எடு, அந்தந்த ஊருக்குப் பொருத்தமான ஆய்வின் சிறப்பைப் பாதுகாத்துக்கொள், அளக்கப்படுபவர்கள் தங்களைப் பற்றிய தரவைச் சரிபார்க்க விடு என்பவை அவற்றுள் மூன்று. அதை எழுதியவர்களில் ஒருவர், 22,412 கொத்துகளைச் செய்த அதே வால்ற்மன். அளவுகோலைச் செய்தவர்களே அதன் எல்லையையும் எழுதிவைத்திருக்கிறார்கள். பாவிக்கிறவர்கள்தான் அந்தப் பக்கத்தை வாசிக்காமல் விடுகிறார்கள்.

அதனால் ஒரு ஆய்வாளரைப் பற்றியோ பீடத்தைப் பற்றியோ ஒரு எண் முன்னால் வந்தால், மூன்று கேள்விகளாவது கேட்கப் பழக வேணும். எந்தப் பெட்டிக்குள் வைத்து வகுத்தது? அந்தப் பெட்டிக்குள் கூட இருப்பவர்கள் யார்? எந்த மொழியில், எந்த வடிவத்தில் எழுதினால் அதற்குள் போகவே முடியாது?

கேள்வியோடு நிற்கவும் தேவையில்லை. கிராஸ், கிராஸ் இருவரும் 1927இல் ஒரு சஞ்சிகையின் ஒரு வருசத்தைக் கையால்தான் எண்ணினார்கள். எங்கட பழைய ஆய்வுச் சஞ்சிகைகள் பல இப்போது நூலகம் இணையத்தளத்தில் மின்வடிவில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த "சிந்தனை" போன்ற ஒன்றின் சில இதழ்களை எடுத்து, அடிக்குறிப்புகளில் யார் யாரை எடுத்தாள்கிறார்கள், வரலாற்றாசிரியர் இலக்கிய விமர்சகரை வாசித்தாரா, தமிழ் நூல்கள் எத்தனை, ஆங்கில நூல்கள் எத்தனை என்று நாலைந்து பேர் சேர்ந்து ஒரு விடுமுறையில் எண்ணிவிடலாம். தமிழில் ஆய்வுத்துறைகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசின என்பதற்கு ஒரு சின்ன வரைபடம் கிடைக்கும். அதில் கோடுகள் எங்கே விழ வேண்டும் என்பதை எண்ணி முடித்த பிறகு நாங்களே பேசித் தீர்மானிக்கலாம்.